சண்டை எந்திரன் (வானலைப் பொம்மை)

சண்டை எந்திரன் என்பது வானலை வழியாகத் தொலைவிலிருந்து இயக்கப்படுவதும், தன்னைப் போன்ற மற்றோர் எந்திரனுடன் மோதுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டதுமான சிறுவர் விளையாட்டுப் பொருள் ஆகும். இது பெரும்பாலும் இரண்டாக, ஒரே பெட்டியில் விற்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு கையடக்க இயக்கி உண்டு. எதிராளியைக் கவிழ்ப்பது, களத்தை விட்டுத் தள்ளுவது, அதன் மார்பிலோ முதுகிலோ உள்ள விசையை அழுத்தச் செய்வது ஆகியவற்றுள் ஒன்று வெற்றியாகக் கொள்ளப்படும்.

தொலைக்காட்சியில் காட்டப்படும் எந்திரன் போர்களிலிருந்தே இப்பொம்மைகள் பரவலாக அறியப்பட்டன. எனினும் பொம்மையும் போட்டி எந்திரனும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. மோதலில் வெளிப்படும் ஆற்றலில் அது பல்லாயிரம் மடங்காகும். பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான செய்தி இதுவே என்பதால், இது கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

பெயர்

ரோபோ என்னும் சொல், செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம் ஒன்றின் வழியாக உலக மொழிகளுக்கு வந்தது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லே இதன் வேர். தமிழில் இயந்திர மனிதன், தானியங்கி, எந்திரன் ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. 2010இல் வெளிவந்த எந்திரன் திரைப்படத்திற்குப் பிறகு கடைசிப் பெயரே பேச்சு வழக்கிலும் நிலைபெற்றது. அதற்கு முன்பே சுஜாதாவின் என் இனிய இயந்திரா என்னும் தொடர்கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமாகியிருந்தது.

போர் செய்யும் பொறி என்ற கற்பனை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைக் கோட்டை மதிலின் மீதிருந்த பொறிகளின் நீண்ட பட்டியல் உள்ளது. தானே அம்பு எய்வது, கல்லெறிவது, குரங்கு வடிவில் இருந்து கடிப்பது எனப் பலவகைப் பொறிகள் அதில் கூறப்படுகின்றன. தொலைவிலிருந்து ஒருவர் இயக்குவது பற்றிய குறிப்பு அதில் இல்லை.

தொடர்ந்து பார்த்தால், இங்கு பேசப்படும் பொம்மையை எந்திரன் என்று அழைப்பதே சற்றுத் தாராளமான வழக்குதான். தானே உணர்ந்து தானே முடிவெடுக்கும் திறன் இதற்குக் கிடையாது. சிந்திப்பது குழந்தை; பொம்மை கட்டளையை நிறைவேற்றுகிறது.

வரலாறு

வானலையால் ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1890களின் நடுவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் காட்டினார். சுவரைக் கடந்து சென்ற மின்காந்த அலைகள் மறுபுறத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. சிறிதளவு வெடிமருந்தையும் பற்றவைத்தன. 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கக் காட்சியரங்கில் ஒரு தொட்டியில் மிதந்த சிறு படகை வானலையால் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றைய தொலை இயக்கப் பொம்மைகள் அனைத்திற்கும் மூதாதை இப்படகே. டெஸ்லா அதைப் பொம்மையாகக் கருதவில்லை. போர்க் கருவியாகப் படைத்துறைக்கு விற்கவே எண்ணினார்.

சண்டையிடும் பொம்மைகளுள் முதலில் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் 1964இல் வெளியிட்ட ராக் எம் சாக் எம் ரோபோட்ஸ் ஆகும். சிவப்பும் நீலமுமான இரண்டு குத்துச்சண்டை வீரர்கள்; தாடையில் சரியாகக் குத்து விழுந்தால் தலை மேலே எழும்பும். இதில் மின்சாரமும் இல்லை, வானலையும் இல்லை. விசைகளைக் கட்டைவிரலால் அழுத்தியே விளையாட வேண்டும். ஆயினும் தோல்வியைக் கண்ணால் காணும்படி செய்யும் உத்தி இதிலிருந்தே பின்வந்த பொம்மைகளுக்குச் சென்றது.

1992இல் அமெரிக்காவில் ஜார்ஜ் லூக்காஸின் நிறுவனத்தில் பொம்மை வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த மார்க் தார்ப், வீட்டுத் தூசு உறிஞ்சி ஒன்றைத் தொலைவிலிருந்து இயக்க முயன்றார். அம்முயற்சி பயன் தரவில்லை. ஆனால் அதிலிருந்து எந்திரன்களை மோதவிடும் எண்ணம் பிறந்தது. 1994 ஆகஸ்ட் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ரோபோட் வார்ஸ் என்ற பெயரில் முதல் போட்டி நடைபெற்றது. 1998இல் பிபிசி இதனைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 2000இல் அமெரிக்காவில் பேட்டில்பாட்ஸ் தொடங்கியது. 2002இல் நின்று, 2015இல் மீண்டும் வந்தது. இத்தொடர்களில் தோன்றிய எந்திரன்களின் சிறு வடிவங்கள் உடனுக்குடன் பொம்மைகளாகச் சந்தைக்கு வந்தன. ஹெக்ஸ்பக் நிறுவனத்தின் பேட்டில்பாட்ஸ் வரிசையில் மோதும்போது கழன்று விழும் தகடுகள் உள்ளன. அவற்றைத் திரும்பப் பொருத்தி மறுபடியும் விளையாடலாம்.

சப்பான் வேறு வழியில் சென்றது. அங்கு 1990 முதல் முழு அளவில் நடந்துவரும் எந்திரன் சுமோ போட்டியில், 154 செ.மீ. விட்டமுள்ள வட்டத்திலிருந்து எதிராளியை வெளியே தள்ள வேண்டும். எடை 3 கிலோவுக்கு மிகக் கூடாது. 2002இல் தொடங்கிய ரோபோ ஒன் போட்டி இரண்டு காலில் நடக்கும் எந்திரன்களுக்கு உரியது. 2004இல் வெளிவந்த ரோபோசேப்பியன் பொம்மை இப்போட்டிகளைச் சார்ந்தது அன்று. அது வானலையால் அன்றி அகச்சிவப்பு ஒளியால் இயங்கியது. எனவே நேர்ப்பார்வையில் இருந்தால் மட்டுமே கட்டளைக்குக் கீழ்ப்படியும்.

ஒரே வெளியில் இரண்டு கட்டளைகள்

தொலை இயக்கக் கார் ஒன்றை மட்டும் ஓட்டுவது எளிது. சண்டை எந்திரனில் உள்ள தனிச்சிக்கல், இரண்டு இயக்கிகள் ஒரே நேரத்தில், ஒரே அறையில், ஓயாமல் கட்டளை அனுப்புகின்றன என்பதே. உங்கள் கட்டளைக்கு எதிராளியின் எந்திரனும் கீழ்ப்படிந்தால் விளையாட்டே இல்லை. இப்பொம்மையின் மின்னணுவியல் முழுவதையும் இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியாகப் பார்க்கலாம்.

மலிவான பொம்மைகள் நெடுங்காலமாக 27 மெகா ஏர்ட்சு அலைவெண்ணைப் பயன்படுத்தி வந்தன. இதன் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். முறையான கால் அலைநீள அலைவாங்கி வேண்டுமானால் அது இரண்டே முக்கால் மீட்டர் இருக்க வேண்டும். பொம்மையின் முதுகில் அவ்வளவு நீளக் கம்பி வைக்க இயலாது என்பதால், குட்டையான கம்பியுடன் ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்து ஈடு செய்கிறார்கள். தொடர்பு எட்டும் தூரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்பொம்மைகளில் பரவலாகக் காணப்பட்ட ஓர் ஒருங்கிணைசுற்று இணையின் குறிமுறை மிக எளிமையானது. முதலில் நான்கு அகலமான துடிப்புகள் தொடக்கக் குறியாகச் செல்லும். அதன்பின் குறுகிய துடிப்புகள் வரிசையாகச் செல்லும். எத்தனை துடிப்புகள் என்பதே கட்டளை. 10 துடிப்புகள் என்றால் முன்னே செல்; 40 என்றால் பின்னே வா; 58 என்றால் இடப்புறம்; 64 என்றால் வலப்புறம். பொம்மையில் உள்ள வாங்கி இவற்றை எண்ணிப் பார்த்து உரிய மின்னோடியை இயக்கும். எண்ணிக்கைகளுக்கு இடையே போதிய இடைவெளி விட்டிருப்பதால் ஓரிரு துடிப்புகள் தவறினாலும் கட்டளை மாறிவிடாது.

இக்குறிமுறையில் இல்லாதது முகவரி. இது யாருக்கான கட்டளை என்று சொல்லும் பகுதி அதில் எங்கும் இல்லை. ஆகவே ஒரே அலைவெண்ணில் இயங்கும் இரண்டு பொம்மைகளை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே இயக்கிக்கு ஆடும். இரண்டு இயக்கிகளையும் ஒன்றாக அழுத்தினால் துடிப்புகள் கலந்து இரண்டும் நின்றுவிடும். இதைத் தவிர்க்க ஒரு பொம்மைக்கு 27 மெகா ஏர்ட்சும் மற்றதற்கு 40 அல்லது 49 மெகா ஏர்ட்சும் தரப்பட்டன. பெட்டியின் மீது அலைவெண் அச்சிடப்பட்டிருப்பது இதற்காகவே. ஒரே நிறுவனத்தின் பொம்மையை அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றுமாக வாங்கி, இரண்டிலும் ஒரே எண் இருந்ததால் ஏமாந்த வீடுகள் பல.

27 மெகா ஏர்ட்சு பட்டைக்குள்ளேயே பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என ஆறு நிறப்பெயர்களால் குறிக்கப்படும் ஆறு தடங்கள் உண்டு. மஞ்சள் தடம் 27.145 மெகா ஏர்ட்சு. நல்ல வாங்கி இருந்தால் ஆறு பேர் ஒன்றாக விளையாடலாம். ஆனால் மலிவான பொம்மைகளில் இருப்பது ஆர்ம்ஸ்ட்ராங் 1922இல் உருவாக்கிய மீமீளாக்க வகை வாங்கி. ஒரே ஒரு திரிதடையத்தைக் கொண்டு நுண்ணிய குறிகையையும் பெருக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. அண்டைத் தடங்களைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை அது.

இப்போதைய பொம்மைகள் பெரும்பாலும் 2.4 கிகா ஏர்ட்சு பட்டைக்கு மாறிவிட்டன. இதில் அலைநீளம் 12.5 செ.மீ. மட்டுமே என்பதால் அலைவாங்கி ஒரு விரல் நீளம்கூட இருக்க வேண்டியதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் மறைந்தது. முக்கியமான மாற்றம் வேறு. இயக்கியும் எந்திரனும் முதன்முறை இயங்கும்போது தமக்குள் ஓர் அடையாள எண்ணைப் பரிமாறிக்கொள்கின்றன. அதன்பின் அவ்வெண் இல்லாத கட்டளைகளை எந்திரன் புறக்கணிக்கும். பல பொம்மைகள் ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்குத் தாவிக்கொண்டே பேசுகின்றன. இத்தாவல் உத்திக்கு 1942இல் காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் நடிகை ஹெடி லமார். நீர்மூழ்கிக் குண்டு ஒன்றை வானலையால் செலுத்தும்போது எதிரி அதைக் குழப்பிவிடக் கூடாது என்பதே அவரது நோக்கம். டெஸ்லாவின் படகைப் போலவே இதுவும் போரிலிருந்து பொம்மைக்கு வந்தது.

நகர்வும் தள்ளலும்

மனித வடிவில் உள்ள பொம்மைகளும் உண்மையில் நடப்பதில்லை. பாதங்களுக்கு அடியில் சக்கரங்கள் மறைந்திருக்கும். இடப்பக்கத்திற்கு ஒரு மின்னோடியும் வலப்பக்கத்திற்கு ஒன்றும் இருக்கும். இரண்டும் முன்னே சுழன்றால் எந்திரன் நேரே செல்லும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். பீரங்கி வண்டிகளும் மண் தள்ளும் பொறிகளும் திரும்பும் முறை இதுவே.

மின்னோடியை இருபுறமும் சுழற்ற, அதில் பாயும் மின்னோட்டத்தின் திசையை மாற்ற வேண்டும். நான்கு திரிதடையங்களை ஆங்கில எச் எழுத்தின் வடிவில் அமைத்து, மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டை மட்டும் ஒரு நேரத்தில் திறப்பதால் இது நிகழ்கிறது. ஒரே பக்கத்தில் உள்ள இரண்டும் தவறித் திறந்தால் மின்கலம் குறுக்குச்சுற்றாகிச் சுற்று கருகிவிடும்.

சண்டை எந்திரனுக்கும் ஓட்டப்பந்தயக் காருக்கும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. கார் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சண்டை எந்திரனோ எதிராளியை முட்டிக்கொண்டு, சக்கரம் சுழலாமல் நிற்பதே வழக்கம். சுழலும் மின்னோடி தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நின்றுவிட்டால் அக்கட்டுப்பாடு போய்விடும், மின்னோட்டம் உச்சத்தை அடையும், வெப்பம் ஏறும். இரண்டு கிடாய்கள் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்போதுதான் அவற்றின் முழு வலிமையும் செலவாகிறது என்பதைப் போன்றது இது. நல்ல பொம்மைகளில் வெப்பம் ஏறினால் தடை கூடி, ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும் காப்புறுப்பு ஒன்று இருக்கும். மலிவானவற்றில் அது இருப்பதில்லை. பொம்மையிலிருந்து கருகிய வாடை வந்தால் மின்கலத்தை உடனே கழற்றுவது நல்லது.

தள்ளும் விசைக்கு எல்லை வகுப்பது மின்னோடி மட்டும் அன்று; தரையுடன் சக்கரத்திற்கு உள்ள உராய்வும் ஆகும். உராய்வு, சக்கரத்தின் மீது அழுத்தும் எடையைப் பொறுத்தது. ஆகவே முன்புறம் சரிவான தகடு கொண்ட எந்திரன், எதிராளியின் அடியில் நுழைந்து அதைச் சற்றே தூக்கினால் போதும். எதிராளியின் எடையில் ஒரு பகுதி தன் சக்கரங்களுக்கு வந்துவிடும். ஒன்று வலுவிழக்க, மற்றது வலுப்பெறும். எளிய சாய்வுப்பலகை வடிவங்கள் பகட்டான ஆயுதங்களை வெல்வதற்கு இதுவே காரணம்.

சுழலும் ஆயுதமும் பம்பரமும்

தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்குச் சுழலும் ஆயுதம் புதிதன்று. பம்பரக் குத்து விளையாட்டில், வட்டத்துக்குள் இருக்கும் பம்பரத்தின் மேல் சுழலும் பம்பரத்தின் ஆணி விழுந்து வடு உண்டாக்கும். அதை ஆக்கர் என்பர். பேட்டில்பாட்ஸ் களத்தில் பலமுறை வென்றுள்ள சுழல் ஆயுத எந்திரன்கள் செய்வதும் இதையேதான். மின்னோடி பல நொடிகளில் சிறிது சிறிதாகத் தரும் ஆற்றலைச் சுழலும் தட்டு சேமித்து வைத்து, மோதும் கணத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது.

சேமிக்கப்படும் ஆற்றல், தட்டின் நிறைக்கு நேராகவும், ஆரத்தின் வர்க்கத்துக்கும் சுழல் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேராகவும் கூடுகிறது. ஒரு கணக்கு: 20 கிராம் எடையும் 3 செ.மீ. ஆரமும் கொண்ட பிளாஸ்டிக் தட்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் அதில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 0.44 சூல். நூறு கிராம் பொருள் ஒன்று 45 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். விரலில் பட்டால் வலிக்கும், அவ்வளவே. அதே வேகத்தில் 10 கிலோ எடையும் 20 செ.மீ. ஆரமும் கொண்ட எஃகுத் தட்டு சுழன்றால் ஆற்றல் ஏறத்தாழ 9,860 சூல். ஒரு டன் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் இது. முன்னதைப் போல் 22,000 மடங்குக்கு மேல். போட்டிகள் தடித்த ஒளிபுகு தடுப்புகளுக்குள் நடத்தப்படுவதன் காரணம் இவ்வெண்ணில் உள்ளது. பொம்மையைத் திருத்தி வலுவான ஆயுதம் பொருத்த முனையும் பதின்ம வயதினர் தட்டின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் இரண்டு மடங்காகும் என்று எண்ணுவதுண்டு. தடிப்பை மாற்றாமல் ஆரத்தை மட்டும் இரட்டித்தால் நிறையும் நான்கு மடங்காகிறது. ஆக ஆற்றல் பதினாறு மடங்காகும்.

பம்பரத்தின் மற்றொரு பண்பும் இங்கு வெளிப்படும். நிமிர்ந்து சுழலும் தட்டைக் கொண்ட எந்திரன் விரைவாகத் திரும்பினால் அதன் ஒருபக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காததன் விளைவு இது.

இந்தியாவில்

இந்தியாவில் எந்திரன் போர் வீட்டுக் கூடத்திலிருந்து அன்றி, பொறியியல் கல்லூரி விழாக்களிலிருந்தே பரவியது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெக்ஃபெஸ்ட், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாஸ்த்ரா, வேலூர் விஐடியின் கிராவிட்டாஸ் ஆகிய விழாக்களில் ரோபோவார்ஸ் என்ற பெயரில் இப்போட்டிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. 2000களில் பல கல்லூரிப் போட்டிகளில் எந்திரனுடன் கம்பியைப் பிணைத்து இயக்கவும் அனுமதி இருந்தது. மாணவர் ஒருவர் இயக்க, மற்றொருவர் கம்பிக் கற்றையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடுவார். வானலைக் கருவிகளின் விலை மாணவர்க்கு எட்டாமல் இருந்த காலம் அது. கார் கண்ணாடித் துடைப்பானின் மோட்டார், இரு சக்கர வண்டியின் பேட்டரி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய விசைகள் ஆகியவற்றைக் கொண்டே பல எந்திரன்கள் உருவாயின.

பள்ளிச் சிறுவர்களை நோக்கியது 2016இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் ஆய்வுக்கூடங்கள். நுண்கட்டுப்படுத்திப் பலகை, மோட்டார் இயக்கும் சுற்று, புளூடூத் அலகு ஆகியவற்றைக் கொண்டு கைப்பேசியால் இயங்கும் எந்திரனை இப்போது எட்டாம் வகுப்பு மாணவரும் செய்ய முடிகிறது. அட்டைப்பெட்டியை உடலாகவும் ஊதுபையை இலக்காகவும் வைத்து மோதவிடுவது இவ்வயதினருக்கு ஏற்றது. கடையில் வாங்கும் பொம்மையை விட இது நெடுநாள் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை. உடைந்தால் சரிசெய்ய முடியுமே.

முத்துக்குளித்துறையும் வானலையின் எல்லையும்

கடற்கரைச் சிறுவர்கள் தொலை இயக்கப் படகையும் சில வேளைகளில் நீர்மூழ்கிப் பொம்மையையும் மோதவிட முயல்வதுண்டு. படகுகள் செவ்வனே மோதும். மூழ்கும் பொம்மை நன்னீர்த் தொட்டியில் ஓரளவு இயங்கி, கடல்நீரில் அடங்கிவிடும். உப்புநீர் மின்கடத்தி என்பதே காரணம். 27 மெகா ஏர்ட்சு அலையின் வலிமை கடல்நீரில் ஏறத்தாழ ஒவ்வொரு 5 செ.மீ. ஆழத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு அளவாகக் குறைந்துகொண்டே போகும். 2.4 கிகா ஏர்ட்சு அலைக்கு ஒரு செ.மீ.கூட வேண்டியதில்லை. முழங்கால் ஆழத்தில் பொம்மைக்கு எந்தக் கட்டளையும் கேட்காது.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் தூத்துக்குடிக்கு அப்பால் 12 முதல் 25 மீட்டர் வரையான ஆழத்தில் உள்ளன. அங்கு இறங்கிய குளியாட்கள், கல்லைக் கட்டிய கயிற்றுடன் மூழ்கி, மூச்சு முடியும் தறுவாயில் கயிற்றை அசைத்துக் காட்டுவர். படகில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுப்பார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கடலடி எந்திரன்களும் இன்றளவும் கயிற்றை விட்டுவிடவில்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ரோசப் 6000 என்னும் ஆழ்கடல் எந்திரன், 2010இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்தை அடைந்தது. அதற்கு மின்சாரமும் கட்டளையும் கப்பலிலிருந்து சென்ற வடத்தின் வழியாகவே சென்றன. கல்லூரிக் களத்தில் கம்பிக் கற்றையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாணவரை நினைவூட்டும் ஏற்பாடு.

அலைவெண் விதிகளும் இறக்குமதியும்

இந்தியாவில் வானலைக் கருவி எதற்கும் உரிமம் வேண்டும் என்பது பொது விதி. 2005ஆம் ஆண்டின் விதிகள் சிலவற்றுக்கு விலக்களித்தன. 26.957 முதல் 27.283 மெகா ஏர்ட்சு வரை 5 வாட்டுக்கு மிகாத கருவிகளும், 2.4 முதல் 2.4835 கிகா ஏர்ட்சு வரை உள்ள குறைதிறன் கருவிகளும் இதில் அடங்கும். பொம்மைகள் இவ்விரு பட்டைகளில் அமைந்திருப்பதன் சட்டப் பின்னணி இதுவே. அதே ஆண்டில் தொலை இயக்கப் பாரந்தூக்கிகளுக்கென 335 மெகா ஏர்ட்சுப் பகுதியில் சில தடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. அங்கு அனுமதிக்கப்பட்ட திறன் ஒரு மில்லிவாட்டு. பொம்மைக்கும் பல டன் சுமையைத் தூக்கும் பொறிக்கும் ஒரே தடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பிரிவினையின் அருமை விளங்கும்.

14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2020இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சாரப் பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644 என்னும் தரம் பொருந்தும். அதன்படி பொம்மையின் மின்னழுத்தம் 24 வோல்ட்டுக்கு மிகக் கூடாது. வெளிநாட்டுத் தொழிற்சாலையும் இம்முத்திரைக்கு உரிமம் பெற வேண்டும். இறக்குமதி வரியும் 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் உள்ளிட்ட எந்தத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகம் இறங்கினாலும் இவ்விதிகள் பொருந்தும். இதன் விளைவாகச் சண்டை எந்திரன்களின் விலை ஏறியது. முத்திரை இல்லாதவை நடைபாதைக் கடைகளுக்கு இடம் பெயர்ந்தன. விலை பாதியாக இருப்பதைப் பார்த்து வாங்குவோர், பெட்டியில் முத்திரையும் உரிம எண்ணும் உள்ளனவா என்று ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பு

இப்பொம்மைகளில் உயிருக்கு ஆபத்தானது ஆயுதம் அன்று, மின்கலமே. சிறிய இயக்கிகளில் உள்ள பொத்தான் வடிவ இலித்தியம் மின்கலத்தைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண் உண்டாகலாம். மின்கல அறையின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே. அத்திருகாணி தொலைந்தபின் ஒட்டும் நாடாவால் மூடி ஒட்டப்பட்ட இயக்கிகளைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருக்கக் கூடாது. விழுங்கியதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மின்னேற்றத்தக்க இலித்தியம் மின்கலம் மோதலில் நசுங்கினாலோ உப்பியிருந்தாலோ அதை மறுபடி மின்னேற்றக் கூடாது. மின்னேற்றும்போது தலையணை, மெத்தை ஆகியவற்றின் மீது வைக்காமல் தரையில் வைப்பதும், ஆள் இல்லாத நேரத்திலும் இரவு முழுவதும் விட்டுவைக்காதிருப்பதும் வேண்டும். கழன்று விழும் தகடுகள் கொண்ட பொம்மைகள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. தொடர்பு அறுந்தால் எந்திரன் தானே நிற்கிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம்: சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, ஓடிக்கொண்டிருக்கும்போது இயக்கியை அணைத்துப் பார்த்தால் போதும். போட்டி எந்திரன்களுக்கு இச்சோதனை கட்டாயம்.

கடலோரப் பராமரிப்பு

உப்பளங்கள் சூழ்ந்த ஊர்களில் பொம்மையின் முதல் எதிரி காற்று. மின்கல அறையின் சுருள்வில்கள் துருவேறி, தொடர்பு விட்டு விட்டு வரும். இதைப் பலர் இயக்கி பழுதாகிவிட்டது என்று எண்ணித் தூக்கி எறிகின்றனர். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும். அல்கலைன் மின்கலம் கசிந்து வெண்மையாகப் படிந்திருந்தால் பஞ்சில் சிறிது வினிகர் தோய்த்துத் துடைத்து, உலர்ந்தபின் பயன்படுத்தலாம். விளையாடாத நாட்களில் மின்கலத்தைக் கழற்றி வைப்பது இரண்டுக்கும் தீர்வு.

இரண்டாவது எதிரி மணல். தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையான கடற்கரையில் இரும்பு சேர்ந்த கருமணல் கலந்துள்ளது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலின் நிறமும் இரும்பினால் வந்ததே. மின்னோடிக்குள் நிலைக்காந்தம் உள்ளதால் கருமணலில் காந்தத்துக்கு இசையும் துகள்களை அது இழுத்துக்கொள்ளும். வெளியே தட்டினால் மற்ற மணல் உதிரும், இத்துகள்கள் உதிர்வதில்லை. அவை உள்ளே புகுந்து தேய்க்க, மின்னோடி முதலில் இரைச்சலிடும், பிறகு நிற்கும். கடற்கரையில் விளையாட வேண்டுமானால் ஒரு பலகையையோ பாயையோ விரித்து அதன்மேல் மோதவிடலாம். மின்னோடியின் காற்றுத் துளைகளை மெல்லிய துணியால் மூடுவதும் உண்டு. ஆனால் அப்போது வெப்பம் வெளியேறாது என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும். பழுதான பொம்மைகளிலிருந்து மின்னோடியும் பற்சக்கரப் பெட்டியும் தனியே கழற்றி எடுத்து வைக்கத்தக்கவை. சிறு மின்னோடிகள் பெரும்பாலும் ஒரே அளவுகளில் செய்யப்படுவதால், ஒரு பொம்மையின் மின்னோடி மற்றொன்றுக்குப் பொருந்துவது இயல்பு.